காமிராவுக்கு ஒரு சுமைதாங்கி

பழைய பெருவழிகளில் நடந்து பழகியவர்களுக்குச் சுமைதாங்கிக் கல்லைத் தெரிந்திருக்கும். இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஏறக்குறைய ஆளின் நெஞ்சுயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவன் யாரையும் கூப்பிட்டு, "ஒரு கை கொடப்பா" என்று கேட்க வேண்டியதில்லை. சுமையைத் தானே அதன்மேல் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் தானே ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். ஒருத்தி இறக்கி வைக்காமலே போய்விட்ட சுமைக்காக, ஊரார் எல்லாருடைய சுமையையும் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ள ஒரு கல்! இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னத்தை எந்த ராஜாங்கமும் கட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கல்லின் ஞாபகம் எனக்குச் சென்ற தை மாதத்தில், வேடந்தாங்கல் ஏரிக்கரையில், ஒரு போட்டோ லென்ஸின் உபயத்தால் வந்தது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வேலையிலிருந்த காலமெல்லாம் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு பறவைகளிடம் பயபக்தியோடு நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார். பென்ஷன் பணத்தில் பழைய லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தார். 600 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் எடை மட்டும் ஐந்தே கால் கிலோவுக்கு மேல். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தால், தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலியாண வீட்டிலிருந்து திரும்புகிற தகப்பனாரைப் போல் இருக்கும். அன்று அவர் முக்காலி ஸ்டாண்டைக் கொண்டுவந்திருந்தார். ஆனால் லென்ஸை அதன் தலையில் பூட்டுகிற சிறு தகட்டை வீட்டிலேயே வைத்துவிட்டார். "போனால் போகிறது. சார், நீங்கள் ஒரு கை பாருங்கள்" என்று என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் நின்ற மரம் ஒன்றின் உச்சியில் கூழைக்கடா ஒன்று உட்கார்ந்திருந்தது. வெறுங்கண்ணுக்குப் பஞ்சுத் துணுக்குப் போலத் தெரிந்த அந்தப் பறவை, காமிராவின் கண்ணுக்குள் வீடு போல நிறைந்துவிட்டது. ஆனால் அந்த வீடு பூகம்பத்தில் அகப்பட்டுக்கொண்ட வீடு. என் மூச்சுக்கு ஒரு தரம் ஏறி இறங்கிற்று. அது மட்டுமா? என் இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் கூழைக்கடா ஒரு சிறு துள்ளுத் துள்ளியது. என் நெஞ்சுத் துடிப்பை நான் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் பறவையின் ஆவிதான் விழுந்திருந்தது.

கரையில் காவலுக்கு நின்ற பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் தலைத்துண்டை அவிழ்த்து, திரித்து, வட்டமாகச் சுற்றிக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தார். "ஐயா, சும்மாடு இல்லாம யாராச்சும் சுமை தூக்குவாங்களா? அதும்மேலே வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். கூழைக்கடா சிலை போல நின்றுவிட்டது. அதன் அலகின் கீழே தொங்கும் பையில் ஓடிய மெல்லிய நரம்பு கூடத் தெரிந்தது.

ஒரு முழத் துண்டு செய்த இந்த அற்புதத்தைப் பற்றி வீடு திரும்பும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். தூரத்திலிருப்பதைக் கிட்டத்தில் கொண்டுவருகிற கண்ணாடி ஏன் இவ்வளவு கனக்கிறது? அதைக் கையில் ஏந்துவதா, எதன்மேலாவது சாய்ப்பதா என்ற தகராறு எப்போது தொடங்கியது? பார்க்கப் போனால், இதில் ஒரு நூற்றாண்டுச் சரித்திரமே இருக்கிறது.

*

முதலில் கணக்கு வாத்தியார் சொன்ன கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்பது நடுத்தரமான பார்வை. 600 மில்லிமீட்டர் லென்ஸ் அதைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஆனால் அது பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை. கையின் நடுக்கத்தையும் அதே பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குகிறது. பழைய போட்டோக்காரர்கள் இதற்காக ஒரு வாய்பாடு வைத்திருந்தார்கள். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, ஒரு விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் காமிராவின் கதவு திறந்திருக்கலாகாது. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. 600 என்றால் அறுநூறில் ஒரு பங்கு. அவ்வளவு கொஞ்ச நேரத்தில் படம் விழ வேண்டுமானால் நிறைய வெளிச்சம் வேண்டும். நிறைய வெளிச்சம் உள்ளே வர வேண்டுமானால் லென்ஸின் வாய் அகலமாக இருக்க வேண்டும். வாய் அகன்றால் கண்ணாடி பெருக்கும். கண்ணாடி பெருத்தால் கனக்கும். கனத்தால் கை நடுங்கும்! சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம் அல்லவா? இந்த வட்டத்தை உடைக்கத்தான் மனிதன் இத்தனை காலமாகப் பாடுபட்டிருக்கிறான்.

தூரக் கண்ணாடியின் சூட்சுமத்தைக் காகிதத்தில் முதலில் எழுதியவர்களில் ஒருவர் கிரகங்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர். 1611-ல் வெளிவந்த தம்முடைய ஒளியியல் நூலில், குவிந்த கண்ணாடிக்குப் பின்னால் குழிந்த கண்ணாடியை வைத்தால் பிம்பம் பெரிதாக விழும் என்று அவர் காட்டினார். குவிந்த கண்ணாடி கதிர்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. அவை ஒன்றுகூடுவதற்குச் சற்று முன்னால் குழிந்த கண்ணாடி குறுக்கிட்டு, "அவசரப்படாதே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சேர்" என்கிறது. நீளமான குழாய் செய்ய வேண்டிய வேலையைக் குட்டையான குழாயே செய்துவிடுகிறது. 1830-களில் இங்கிலாந்தில் உல்விச் ராணுவப் பள்ளியின் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ இதே சூட்சுமத்தைத் தூரதரிசினிக் குழாய்க்குப் பயன்படுத்தினார். இன்றைக்கும் வானம் பார்க்கிறவர்கள் அதைப் பார்லோ லென்ஸ் என்றே சொல்லுகிறார்கள். கணக்கு வாத்தியார்களுக்கும் இந்தக் கண்ணாடிக்கும் அன்றே ஒரு பந்தம் இருந்திருக்கிறது பாருங்கள்!

காமிராவுக்கென்று இது வந்தது 1891-ல். சில கண்டுபிடிப்புகளுக்கு வேளை வந்துவிட்டால் பல வீட்டுக் கதவுகளை ஒரே சமயத்தில் தட்டும். லண்டனில் தாமஸ் டால்மையர், ஜெர்மனியில் அடால்ப் மீத்தே, மியூனிக் நகரத்து ஸ்டைன்ஹைல் ஆகிய மூவரும் ஒருவரை ஒருவர் பாராமல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் டெலிபோட்டோ லென்ஸைச் செய்தார்கள். டால்மையர் 1899-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்தில் இது பெரும்பாலும் சாதாரண லென்ஸுக்குப் பின்னால் பொருத்துகிற ஒட்டுறுப்பாகவே இருந்தது. அதாவது, இன்றைக்கு டெலிகன்வர்ட்டர் என்று சிறு வளையமாக விற்கிறார்களே, அது புதுமையே அல்ல. டெலிபோட்டோ லென்ஸ் பிறந்ததே அந்த உருவத்தில்தான். பிள்ளைக்கு முன்னால் பிறந்த பேரன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்த டெலிகன்வர்ட்டரின் குணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது ஒரு கந்துவட்டிக்காரன். 600-ஐ 1200 ஆக்கித் தருகிறேன் என்று ஆசை காட்டும். ஆக்கியும் தரும், பொய் சொல்லாது. ஆனால் வருகிற வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைந்த 1.4 மடங்குக் கண்ணாடி கொஞ்சம் இரக்கமுள்ளது; பாதி வெளிச்சத்தோடு விட்டுவிடும். வெளிச்சம் காலே காலாகக் குறைந்தால், கதவு நாலு மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதே சமயத்தில் நடுக்கமோ இரண்டு மடங்காகியிருக்கும். லென்ஸில் ஏற்கெனவே இருந்த குற்றங் குறைகளையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். கடன் வாங்கியவன் கதைதான். 1960-களில் ஜப்பானிலிருந்து இரட்டிப்புக் கண்ணாடிகள் மலிவாக வந்தபோது ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பலர், மங்கிய படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நல்ல லென்ஸோடு, நல்ல ஸ்டாண்டின்மேல், நல்ல வெயிலில் மட்டுமே அந்த வட்டி கட்டுப்படியாகும்.

*

டெலிபோட்டோ பிறந்த காலத்தில் கையில் ஏந்துவது என்ற பேச்சே இல்லை. கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலம் அது. காமிராவுக்கு மூன்று கால் இருந்தது போதாதென்று, படம் எடுத்துக்கொள்ள உட்காருகிறவர் தலையை ஆட்டாமல் இருக்க அவர் கழுத்துக்குப் பின்னாலும் ஓர் இரும்புக் கொக்கியை நிறுத்தினார்கள். நம் கொள்ளுப்பாட்டனார்கள் போட்டோவில் ஏன் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதற்கு அந்தக் காலத்து நீண்ட விநாடிகளும் ஒரு காரணம்.

ஆனால் பறவை ஸ்டுடியோவுக்கு வந்து உட்காருமா? பிரெஞ்சு நாட்டு உடலியல் ஆராய்ச்சியாளர் மாரே, பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று அறிய விரும்பினார். 1882-ல் அவர் ஒரு துப்பாக்கி செய்தார். குழலுக்குள் லென்ஸ். குண்டு இருக்க வேண்டிய உருளைக்குள் சுழலுகிற தகடு. குதிரையை அழுத்தினால் விநாடிக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விநாடியில் 720-ல் ஒரு பங்கு நேரம். கட்டையைத் தோளில் பொருத்திக்கொண்டு, கன்னத்தைச் சாய்த்து, பறக்கிற பறவையைக் குழலால் தொடர்ந்து போக வேண்டும்.

ஏன் துப்பாக்கி? நீண்டு கனத்த ஒரு பொருளை ஆடாமல் பிடித்துக்கொண்டு, ஓடுகிறதைத் தொடருகிற வித்தையை மனித உடம்பு வேட்டையில்தான் கற்றிருந்தது. கையேந்திப் பிடிப்பவன் தன் உடம்பையே ஸ்டாண்டாக்கிக்கொள்ள வேண்டும். தோள் ஒரு கால். விலாவில் ஒட்டிய முழங்கை ஒரு கால். லென்ஸின் அடியில் தாங்குகிற இடது உள்ளங்கை ஒரு கால். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொண்டு, விரலை இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். இதெல்லாம் வேட்டைக்காரனின் பாடம். இங்கிலீஷ்காரர்கள் படம் எடுப்பதைச் 'சுடுவது' என்றே சொல்லுகிறார்கள். நாம் 'படம் பிடிப்பது' என்கிறோம். தும்பி பிடிப்பது போல, மீன் பிடிப்பது போல. இரண்டிலுமே கொஞ்சம் வேட்டை வாடை அடிக்கத்தான் செய்கிறது.

மாரேயின் துப்பாக்கி வம்சம் வளர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1948-ல் ஜெர்மனியின் மெம்மிங்கன் ஊரில் கார்ல் முல்லர் தொடங்கிய நோவோப்ளெக்ஸ் கம்பெனி, கைத்துப்பாக்கிப் பிடி வைத்த நீண்ட லென்ஸ்களைச் செய்தது. பிடியை அமுக்க அமுக்கக் குவியம் மாறும். பறக்கிற பறவையை விடாமல் தொடரலாம். ரஷ்யர்கள் 1965-ல் போட்டோஸ்னைப்பர் என்று பெயரிட்டே விற்றார்கள். 300 மில்லிமீட்டர் லென்ஸ், தோள் கட்டை, குதிரை எல்லாம் அதில் உண்டு. ஸ்னைப்பர் என்றால் மறைந்திருந்து சுடுகிறவன் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் ஒளிவு மறைவில்லாதவர்கள்!

*

மறைந்திருந்து சுடுவது என்றதும் சரித்திரத்தின் இன்னொரு பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் கண்ணாடிக் கதையாகப் போய்விடும்.

1913-ம் ஆண்டு. லண்டனில் ஹாலோவே சிறைச்சாலை. வோட்டுரிமை கேட்டுக் கிளர்ச்சி செய்த பெண்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். போலீசாருக்கு அவர்களுடைய படம் தேவைப்பட்டது. பெண்களோ காமிராவின் முன் உட்கார மறுத்தார்கள். பலவந்தமாக நிறுத்தினால் முகத்தைக் கோணிக்கொண்டார்கள். தலையை அசைத்துப் படத்தைக் கெடுத்தார்கள். மான்செஸ்டர் சிறையில் ஈவ்லின் மனெஸ்டா என்ற பெண்ணின் கழுத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். பிறகு அந்தப் படத்திலிருந்து, பிடித்த கையை மட்டும் அழித்துவிட்டார்கள்.

அப்போது ஸ்காட்லண்டு யார்டு ஒரு காரியம் செய்தது. ராஸ் கம்பெனியாரின் 11 அங்குல டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றை விலைக்கு வாங்கிற்று. படம் பிடிப்பவரை ஒரு மூடிய வண்டிக்குள் உட்கார வைத்துச் சிறையின் முற்றத்தில் நிறுத்தினார்கள். காலார நடக்க விடப்பட்ட பெண்கள் அந்த வண்டியைப் பொருட்படுத்தவில்லை. பேசிக்கொண்டு நடந்தார்கள். சற்றே வெயில் காய்ந்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கோணாத தங்கள் சொந்த முகத்தோடு நடந்தார்கள். அந்த முகம் களவு போயிற்று.

1914 மார்ச் 10-ந் தேதி மேரி ரிச்சர்ட்சன் என்ற பெண், தலைவி எம்மலின் பாங்ஹர்ஸ்ட் கைதானதற்கு எதிர்ப்பாக, லண்டன் தேசியச் சித்திர சாலையில் வெலாஸ்கெஸ் தீட்டிய ஓவியத்தைக் கத்தியால் கிழித்தாள். அதன் பிறகு இந்தப் படங்கள் சித்திர சாலைக் காவலர்களிடம் கொடுக்கப்பட்டன. ஓவியங்களைக் காப்பாற்றுவது நியாயமே என்று சொல்லலாம். ஆனால் கிட்டத்தில் நின்று கேட்டபோது தர மறுத்த ஒன்றை, எட்ட நின்று தெரியாமல் எடுத்துக்கொண்டது நியாயமா? இதற்குப் பதில் சொல்லுவது எளிதல்ல. அந்தப் பெண்களில் முப்பது வயது கடந்தவர்களுக்கு 1918-லும், ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் 1928-லும் வோட்டுரிமை கிடைத்தது. படங்கள் இன்னும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த வேலைக்குக் கையேந்தும் வீரம் தேவைப்படவில்லை. உட்கார வண்டி இருந்தது. சாய்க்க இடம் இருந்தது. சுமை முழுவதும் பார்க்கப்பட்டவர்களின் மேல் இறங்கிற்று.

இரண்டே வருஷம் கழித்துக் கையேந்துவதற்கும் சாய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் உயிர்ப் பிரச்னையாயிற்று. 1915-ல் பிரிட்டிஷ் விமானப் படையார் எதிரியின் பதுங்கு குழிகளைப் படம் எடுக்க 'ஏ' ரகக் காமிரா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மரப்பெட்டி. கூட்டாளி விமானத்தின் பக்கவாட்டில் வெளியே சாய்ந்து, காற்று அறைய, அதைக் கையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் தகட்டை எடுக்கப் பதினோரு செய்கை. பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் பத்துச் செய்கை. கனத்த கையுறையோடும், குளிரில் மரத்த விரலோடும் இதையெல்லாம் செய்ய வேண்டும். கீழேயிருந்து சுட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே காமிராவை விமானத்தின் உடம்போடு பூட்டிவிட்டார்கள். தகடு மாறும் வேலையையும் இயந்திரத்திடம் பெருமளவு ஒப்படைத்தார்கள். அடுத்த யுத்தத்தில் 36 அங்குல லென்ஸ்கள் விமான வயிற்றில் ஏறின. அந்த எடையைக் கையில் ஏந்திக்கொண்டு எந்தப் பீமனாலும் படம் எடுத்திருக்க முடியாது.

*

நம் ஊர்க் கதைக்கு வருவோம். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை (1912–1996) மறந்துவிட்டு இந்தச் சரித்திரத்தை முடிக்க முடியாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் குமாரர். காட்டு விலங்குகளைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரையில் இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்தார் என்றால், அந்த விடாமுயற்சியை என்னவென்று சொல்ல!

அவருடைய காமிரா ஒரு தனிப் பிறவி. உடல் ஒரு கம்பெனியுடையது. தூர லென்ஸ் வேறு கம்பெனியுடையது. மற்ற ஒட்டு வேலைகள் எல்லாம் அவர் கைவேலை. அந்தப் பூதத்துக்கு அவரே 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்திருந்தார். பெயரிலேயே கனம் தெரிகிறது அல்லவா? அதைச் சுமந்துகொண்டு காட்டில் நடந்தார். வனத்துறை யானையின் மேல் ஏறியும் போனார். யானை முதுகு என்பது லேசான ஆசனமல்ல. சும்மா நிற்கிற யானையும் சும்மா நிற்பதில்லை. காதை ஆட்டும், காலை மாற்றும், மூச்சு விடும். அங்கே முக்காலியை எங்கே ஊன்றுவது? இவ்வளவு இடைஞ்சலுக்கு நடுவே அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் யானைக் கூட்டங்கள் தங்கள் பாட்டில் இருக்கின்றன. பயந்தோ, சீறியோ, காமிராவுக்காகவோ நிற்கவில்லை. விலங்கு தன் இடத்தில் தானாக இருக்க வேண்டும். நாம்தான் தூரத்தைச் சுமக்க வேண்டும். அந்தப் படங்கள் எனக்குச் சொல்லுகிற பாடம் இதுதான்.

இது எனக்குப் புரிவதற்கு ஒரு தப்புக் காரியம் தேவைப்பட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாலிபத்தில் என்னிடம் ஒரு சாதாரண காமிரா இருந்தது. எங்கள் ஊர்க் கரம்பில் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டிருப்பதைப் பார்த்தேன். அது கூடு கட்டாது. கூழாங்கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் நாலு முட்டை இருந்தது. தூர லென்ஸ் இல்லாததால் நான் கிட்டப் போனேன். தாய் எழும்பித் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தியது. அது திரும்பி வந்து உட்காரட்டும், அப்போது எடுக்கலாம் என்று பத்தடி தள்ளிக் குந்திக்கொண்டேன். சித்திரை மாதத்து உச்சி வெயில். கால் மணி, அரை மணி என்று காத்திருந்தேன். தாய் வரவில்லை. கடைசியில் முட்டையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

வெயில் காலத்தில் ஆள்காட்டி முட்டையின்மேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அது தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டையைக் குளிர வைக்குமாம். அந்த அரை மணி நேரம் அந்த நாலு முட்டையும் என் நிமித்தமாக அனலில் கிடந்தன. மறுவாரம் போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. குஞ்சு பொரித்துப் போயினவா, காக்கை கொண்டுபோயிற்றா, எனக்குத் தெரியாது. ஐந்து கிலோ கனத்தை நான் சுமக்காததற்கு அந்தக் குருவி கொடுத்த விலை அது.

*

இன்றைக்குக் காலம் மாறிவிட்டது. கண்ணாடியின் நிறப் பிசகை நீக்க 1969-ல் கேனன் கம்பெனியார் செயற்கை ப்ளூரைட் படிகத்தை 300 மில்லிமீட்டர் லென்ஸில் வைத்தார்கள். 1995-ல் இன்னும் பெரிய அதிசயம் வந்தது. நடுக்கத்தை உணருகிற சிறு உணரிகள் லென்ஸுக்குள் குடியேறின. கை ஒருபக்கம் சாய்ந்தால், உள்ளே ஒரு கண்ணாடி உடனே மறுபக்கம் நகர்ந்து பிம்பத்தைப் பிடித்து நிறுத்தும். பெரியவரின் தலைத்துண்டை லென்ஸுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். 1999-ல் இந்த வசதியோடு வந்த கேனனின் 600 மில்லிமீட்டர் லென்ஸ் 5.36 கிலோ. அதன் அடுத்த பிறவி 3.92 கிலோ. 2018-ல் வந்தது 3.05 கிலோதான். வாத்தியாரின் குழந்தை வளர வளர எடை குறைந்துகொண்டே வருகிறது!

எதிர்த் திசையிலும் ஆசை ஓடத்தான் செய்கிறது. 2006-ல் ஜைஸ் கம்பெனியார் ஒரு தனி மனிதருக்காகச் செய்து காட்டிய 1700 மில்லிமீட்டர் லென்ஸின் எடை 256 கிலோ. அதைக் கையில் ஏந்துவதா, சாய்ப்பதா என்ற கேள்விக்கு இடமே இல்லை. அதுவே ஒரு சுமைதாங்கிக் கல்லின் கனம்.

ஆனால் எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாத இரண்டு உண்டு. உள்ளே இருக்கிற உணரி நம் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும். பறவையின் அசைவை நிறுத்தாது. அதற்குப் பழைய வாய்பாடுதான், வெளிச்சம்தான், பொறுமைதான். இன்னொன்று, நடுவிலே இருக்கிற காற்று. வெயில் ஏறினால் ஏரியின் மேல் கானல் நெளியும். எவ்வளவு விலையுள்ள லென்ஸும் அந்த நெளிவையே பெரிதாக்கிக் காட்டும். அதற்கு ஒரே மருந்து விடியற்காலையில் எழுந்திருப்பது.

அப்படியானால் கையிலா, ஸ்டாண்டிலா? வாத்தியாரைக் கேட்டேன். "பறந்தால் கை, உட்கார்ந்தால் ஸ்டாண்டு, இரண்டுமில்லாவிட்டால் அரிசிப் பை" என்று சூத்திரமாகவே சொல்லிவிட்டார். சிறு துணிப் பையில் அரிசியையோ பயற்றையோ நிரப்பி, சுவரிலோ ஜீப்பின் ஜன்னலிலோ வைத்து, அதன்மேல் லென்ஸைப் பதித்துவிட்டால் அது கல்லைப் போல் நிற்கும். எல்லாத் திசையிலும் ஊசலாடும் தொட்டில் போன்ற தலையுள்ள ஸ்டாண்டுகளும் உண்டு. எடையைச் சரியாகச் சமன்செய்துவிட்டால் ஐந்து கிலோ லென்ஸைச் சுண்டு விரலால் திருப்பலாம்.

எனக்கு இதற்குமேலே ஒன்று தோன்றுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஹாலோவே சிறையில் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்ததும் தூரத்துப் பார்வைதான். காட்டில் யானைக் கூட்டத்தைக் கலைக்காமல் மா. கிருஷ்ணன் பார்த்ததும் தூரத்துப் பார்வைதான். கண்ணாடியின் சூட்சுமம் இரண்டிலும் ஒன்றே. சுமை யார் தலையில் என்பதுதான் வித்தியாசம். பார்க்கிறவன் தான் சுமந்தால் அது மரியாதை. பார்க்கப்படுகிறவர் மேல் இறக்கி வைத்தால் அது களவு.

அன்று மாலை வேடந்தாங்கலில் இருந்து புறப்படும்போது, பெரியவரிடம் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். காமிராவின் பின்பக்கத்தில் கூழைக்கடாவின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க. அது பாட்டுக்கு உக்காந்திருக்குது" என்றார். துண்டை உதறி, மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டார்.

பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வாத்தியார் தம் ஐந்தே கால் கிலோவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். நான் பாதி வழி வாங்கிச் சுமந்தேன்.